இருப்பு

தலைநகரில் என்னிடம் கொடுத்தனுப்பியது
நான்கு பக்கப் படிவம், ஒரு கார்பன் தாள்,
கதவே இல்லாத கட்டிடத்துக்கு ஒரு சாவி.
இருப்புப் பாதையின் இருப்பைக் கணக்கெடுக்க வேண்டும்.
தோஸ் ஓம்பூஸ், கிலோமீட்டர் 412.
கடைசி ரயில் போய்ப் பதினாறு வருடம்.

பெயரிலேயே ஒரு பொய்.
தோஸ் என்றால் இரண்டு.
தண்டவாளம் வந்து சேர்ந்தபோது
இந்த வெட்டவெளியில் நின்றது ஒரே ஓம்பூ மரம்.
ஆனால் அதே தடத்தில் முன்னால் ஏற்கெனவே
ஓம்பூ என்றொரு நிலையம் இருந்தது.
மூட்டைகள் மாறிப்போகுமே என்று
லண்டன் கம்பெனியின் எழுத்தர் எவரோ,
பாம்பாஸ் புல்லை மிதித்தே இராதவர்,
பேனாவால் இன்னொரு மரத்தை நட்டார்.
வார்ப்பிரும்புப் பலகை கப்பலேறி வந்தது.
பலகைக்குப் பிறகுதான் ஊர்.

ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டியவர்கள்
ஒன்று, என்று விரல் விட்டு எண்ணிச்
சிரித்துக்கொண்டே போனார்கள்.
முதல் நிலைய அதிகாரி எவாரிஸ்தோ லுகோனிக்கு
ஒரு கோடைக்கு மேல் அது தாங்கவில்லை.
மேடையின் தென்கோடியில் ஒரு கன்று வைத்தார்.
அவருடைய பதிவேட்டில் அன்றைய வரி:
"குறைபாடு நீக்கப்பட்டது. மரம், ஒன்று."

பதிவேட்டை எலி பாதி தின்றிருக்கிறது.
மிச்சத்தில் கோதுமை, கோதுமை, கோதுமை.
பிறகு ஒரு நவம்பர்: வெட்டுக்கிளி.
நசுங்கிய உடல்களின் கொழுப்பில் சக்கரம் வழுக்கி
நின்ற இடத்திலேயே சுற்றியது எஞ்சின்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாளி வாளியாக
மணல் கொண்டுவந்து கொட்டினார்கள்.
தாமதம் இரண்டு மணி நாற்பது நிமிடம்.

பதிவேட்டில் இல்லாததைச் சுலேமா ஹத்தாத் சொன்னாள்,
எதிரே மளிகைக் கடை வைத்திருப்பவள்.
ஞாயிறு மாலை ஆறு பத்து வண்டிக்குப்
பயணம் போகாதவர்களும் பாலிஷ் போட்ட ஷூவோடு வருவார்களாம்.
எர்மெலிந்தா என்பவள் அப்படி வந்து நின்று
மூன்றாம் பெட்டியின் அஞ்சல் பிரிப்பவனைக் கட்டிக்கொண்டாள்.
நிறுத்தம் நான்கு நிமிடம். இரண்டு வருட ஞாயிறுகள்.
நான் கூட்டிப் பார்த்தேன்,
முழுசாக ஏழு மணி நேரம்கூட இல்லை.
போதுமாக இருந்திருக்கிறது.

நிலையத்தை மூடும் உத்தரவும்
ரயிலில்தான் வந்தது.
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள்.

மணி?
பள்ளிக்கூடத்தில் அடிக்கிறது.
கடிகாரம் ரொட்டிக் கடையில், ஐந்து நிமிடம் முந்தி.
காத்திருப்போர் பெஞ்சில்
மருத்துவச்சி வீட்டு வாசலில் வயிற்றைப் பிடித்தபடி இருவர்.
தண்டவாளத்தில் இரண்டு துண்டு கோல் கம்பமாக நிற்க,
மூன்றாவது கசாப்புக் கடையில் அரை மாட்டைச் சுமக்கிறது.
சுலேமா எதையும் மறைக்கவில்லை,
ஒவ்வொன்றாகக் கூட்டிப்போய்க் காட்டினாள்.
என் படிவத்தில் இரண்டே கட்டம்:
உள்ளது, இல்லை.
இல்லை, இல்லை, இல்லை என்று
உள்ளதையெல்லாம் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

கடைசிப் பக்கம், மரங்கள்.
பழைய ஓம்பூவை ஐம்பத்தொன்றில் இடி எடுத்துக்கொண்டது.
எரிக்க விறகாகாது, இழைக்கப் பலகையாகாது,
பஞ்சு மாதிரி மக்கிப் போனது.
லுகோனியின் கன்றுதான் இப்போது இருப்பது.
மேடையைப் பிளந்து எழுந்து
டிக்கெட் ஜன்னலுக்குள் ஒரு கிளை விட்டிருக்கிறது.
பலகை மறுபடி பொய்யாகிவிட்டது.

பலகையைப் பார்த்தேன்.
கார்பன் தாளைச் சரியாக வைத்துக்கொண்டு
அழுத்தி எழுதினேன்:
மரம், இரண்டு. நிலை, நன்று.

சுலேமா என் தோள் வழியே எட்டிப் படித்தாள்.
இதைச் சரிபார்க்க அங்கிருந்து ஆள் வர
எத்தனை வருடம் ஆகும் என்றாள்.
எட்டு, பத்து ஆகலாம் என்றேன்.

போதும், என்றாள்.
ஓம்பூ சீக்கிரம் வளரும்.